கணக்குக் கேட்க ஓர் ஆள்

பணத்தைப் பற்றிப் படிக்கத் தமிழில் இப்போது பஞ்சமில்லை. 2005-ல் நாணயம் விகடன் வந்தபோது மியூச்சுவல் ஃபண்ட் என்பது வீட்டுக் கூடத்துப் பேச்சாக ஆகியிருக்கவில்லை. இன்று புத்தகக் கண்காட்சிகளில் சேமிப்புக்கும் முதலீட்டுக்கும் என்றே தனி அடுக்கு இருக்கிறது. அந்த அடுக்கில் வட்டி விகிதத்தையும் காப்பீட்டையும் விளக்கும் பக்கங்களைவிட, யாரோ ஒருவர் தன் சம்பளத்தை எப்படிப் பிரித்தார், வீட்டுக் கடனை எப்படி அடைத்தார், எதில் ஏமாந்தார் என்று சொல்லும் பக்கம்தான் ஆளைப் பிடித்து நிறுத்துகிறது. அடுத்த வீட்டு வரவு செலவைத் தெரிந்துகொள்ளும் ஆசை என்று இதைத் தள்ளிவிடலாம். அந்த ஆசையும் அதில் உண்டுதான். ஆனால் அதற்கு அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் அதற்கு அடிமையாகாமல், அடுத்தவருக்குத் துரோகம் செய்யாமல் வாழ முடியுமா? சமயங்கள் இதற்குப் பெரும்பாலும் மனத்தை வைத்தே பதில் சொல்லிவந்திருக்கின்றன: பற்றில்லாமல் இரு, உன்னுடையதென்று நினைக்காதே. அந்தப் பதிலில் பாதிதான் இருக்கிறது என்பது என் வாதம். தன் பற்றின்மைக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொள்ள யாராலும் முடியும். பணத்தைத் தொட்ட கை சுத்தமா என்பது, அந்தக் கையிடம் கணக்குக் கேட்க இன்னொருவருக்கு உரிமை இருக்கும் இடத்தில்தான் தெரியவரும். புதுச்சேரியையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த மூன்று எழுத்துகளை வைத்து இதைச் சொல்லப் பார்க்கிறேன்: ஒரு வியாபாரியின் நாட்குறிப்பு, ஒரு யோகியின் சிறு அத்தியாயம், ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

அதற்கு முன் பட்டினத்தாரைக் கடந்தாக வேண்டும். பணத்தைப் பற்றித் தமிழ் மனம் யோசிக்கத் தொடங்கினால் முதலில் அவர்தான் வந்து நிற்பார். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், காது முறிந்த ஓர் ஊசியைக் கண்டார், கோவணத்தோடு தெருவில் இறங்கினார். துறவுக்கு இதைவிடச் சுருக்கமான கதை கிடையாது. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்பாதி உண்டு. பட்டினத்தாரின் கணக்குப் பிள்ளை சேந்தனார். கருவூலத்தைத் திறந்து ஊராருக்குக் கொடுத்துவிடு என்று முதலாளி சொன்னார்; சேந்தனார் அப்படியே செய்தார். உறவினர்கள் அரசனிடம் போனார்கள், சேந்தனார் சிறைக்குப் போனார். பிறகு விடுதலையாகி, விறகு விற்றுப் பிழைத்து, மழை நாளில் அரிசி வாங்க வழியில்லாமல் களி கிண்டிச் சிவனடியாருக்குப் படைத்தவர் அவர். மார்கழித் திருவாதிரையன்று வீடுதோறும் களி செய்வது அவரை நினைத்துத்தான். கதை பக்திக்காகச் சொல்லப்பட்டது. அதில் ஒரு நடைமுறை உண்மையும் இருக்கிறது: செல்வத்தை உதறியவர் எழுந்து போய்விட்டார், பதில் சொல்ல வேண்டிய ஆள் பெட்டிச் சாவியோடு அங்கேயே நிற்கிறார். துறவு ஒருவரை விடுவிக்கிறது. கணக்கை அது தீர்ப்பதில்லை, அடுத்தவர் தலைக்கு மாற்றிவிடுகிறது. பட்டினத்தாரைப் பாடுகிற அளவுக்குச் சேந்தனாரின் சிறைவாசத்தை நாம் யோசித்ததில்லை.

சேந்தனார் இருந்த இடத்தில் நின்ற ஒருவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுச்சேரிக்கு வந்து, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, உயர்ந்தவர். கவர்னர் துய்ப்ளேக்கு வாயும் காதும் அவர்தான். தன் வியாபாரமும் அவருக்கு உண்டு. 'ஆனந்தப் புரவி' என்று சொந்தக் கப்பலே ஓடியது. ஆனாலும் அவர் கை வழியாகப் போன பணத்தில் பெரும்பங்கு அவருடையதல்ல. கம்பெனி நெசவுத் துணிக்கு முன்பணமாகக் கொடுத்தது, நவாபுகளுக்கு நஜராகப் போனது, வியாபாரிகளிடமிருந்து வர வேண்டியது, இடையில் கவர்னரின் மனைவி எதிர்பார்த்தது என்று எல்லாம் அவரைத் தொட்டுக்கொண்டுதான் போயின. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவருக்கு என்ன நேரலாம் என்பது அவர் குடும்பத்துக்கே தெரியும். அவருடைய மாமா நைனியப்ப பிள்ளை, அதே துபாஷிப் பதவியில் இருந்தபோது 1716-ல் கைது செய்யப்பட்டார். கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல். 1717-ல் சிறையிலேயே இறந்தார். விசாரணை நடந்த மொழி அவருக்குப் புரியாத மொழி. கிறிஸ்துவர் அல்லாத ஒருவர் அந்தப் பதவியில் இருப்பதை ஏசு சபைப் பாதிரிமார்கள் விரும்பவில்லை என்பதும் அந்த வழக்கின் ஒரு பகுதி. தீர்ப்பு தவறென்று பின்னால் பிரான்சில் முடிவானது. இறந்தவருக்கு அதனால் என்ன? தன்னைப் பற்றிய கணக்கை மற்றவர்கள் எழுதினால் என்ன ஆகும் என்பதை அந்த வீடு பார்த்திருக்கிறது. இருபத்தேழு வயதில் ஆனந்தரங்கர் தானே எழுத உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அவர் சொல்லும் காரணம் எளியது: காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும், கப்பல் வந்ததையும் போனதையும் எழுதிவைப்பது. 1736 செப்டம்பர் 6-ல் தொடங்கியது, அவர் 1761 ஜனவரியில் இறக்கும் காலம்வரை ஓடியது.

அந்தக் குறிப்புகளைப் படிக்கும்போது நம் காலத்துச் சேமிப்பு நூல்களில் இல்லாத ஒன்று கண்ணில் படுகிறது. பணம் அங்கே தனி அத்தியாயமாக வருவதில்லை. காலையில் கோட்டைக்குப் போனது, கவர்னர் என்ன முகத்தோடு இருந்தார் என்பது, துணிக் கட்டுகளைப் பிரித்துத் தரம் பார்த்தது, பிறகு பாக்குக் கிடங்கில் வந்து உட்கார்ந்தது, அங்கே வந்தவர்கள் சொன்ன ஊர்ச் செய்தி, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை வராகன் மொய், கெட்ட சகுனம், நல்ல நேரம் எல்லாம் ஒரே பத்தியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒரு தொகையை எழுதினால் அது யாரிடமிருந்து, யார் முன்னிலையில், என்ன பேச்சுக்குப் பிறகு கை மாறியது என்பதும் கூடவே வந்துவிடுகிறது. பணத்தின் ஒழுக்கத்தை அறிய இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை. ஐந்தொகையில் லஞ்சமும் அன்பளிப்பும் ஒரே எண்தான். நாட்குறிப்பில் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிட ஒரு தயக்கம், ஒரு பார்வை போதும்.

இதற்கு நேர் எதிர்த் தட்டில் வேறு சில நூல்கள் இருக்கின்றன. ஆனந்தரங்கரைப் போற்றித் தியாகராச தேசிகர் தமிழில் கோவை பாடினார். சீனிவாச கவி வடமொழியில் 1752-ல் 'ஆனந்தரங்க விஜய சம்பு' எழுதினார். அவற்றில் வரும் ஆனந்தரங்கர் குறையொன்றும் இல்லாத வள்ளல். வள்ளல் பணம் கொடுத்தார், கவி பாட்டுக் கொடுத்தார். அந்தப் பரிமாற்றத்தில் தவறில்லை, ஆனால் அதை வைத்து ஒருவரின் கையைச் சோதிக்க முடியாது. நாட்குறிப்பில் வரும் ஆனந்தரங்கர் அவ்வளவு அழகானவர் அல்ல. பொறாமைப்படுகிறார். துய்ப்ளேயின் ஏற்றத்துக்குத் தன் ஜாதக பலமும் காரணம் என்று நம்புகிறார். தனக்கு முன்னால் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1745-ல் அரியாங்குப்பத்தில் தேவாலயம் கட்டி, எல்லாச் சாதியாரையும் சமயத்தாரையும் அழைத்து அவரவர் முறைப்படி சமைத்துப் போட்ட விருந்தை விரிவாக எழுதிவிட்டு, அதில் என்னென்ன குறை என்பதையும் விடாமல் சேர்க்கிறார். படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சின்னத்தனத்தை மறைக்காததுதான் நம்பிக்கையைத் தருகிறது. 1748 செப்டம்பரில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்ட நாட்களின் குறிப்பு இன்னும் கடினமானது. ஊரின் மிகச் செல்வாக்கான இந்து அவர். அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. துக்கம், ஆத்திரம், ஊர்ப் பெரியவர்கள் ஒன்றாக நிற்கவில்லை என்ற குற்றச்சாட்டு, அதன் நடுவிலும் பதவியில் நீடிப்பதற்கான கணக்கு எல்லாம் அங்கே இருக்கின்றன. பதவிக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று நாம் இன்று கேட்க முடிகிறதென்றால் அவர் எழுதிவைத்ததால்தான். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரண்டு நாவல்களை இந்தக் குறிப்புகளிலிருந்து எழுப்பினார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வெறும் கணக்குப் புத்தகத்திலிருந்து நாவல் வராது. போற்றிப் பாடல்களிலிருந்தும் வராது.

இரண்டாவது எழுத்து அளவில் மிகச் சிறியது. ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரல் 4-ல் புதுச்சேரிக்கு வந்தார். ஆசிரமம் 1926 நவம்பரில் உருவானது. 1928-ல் வெளிவந்த 'தி மதர்' என்ற அவருடைய சிறு நூலின் நான்காம் பகுதி முழுவதும் பணத்தைப் பற்றியது. யோக நூலில் பணத்துக்கு ஓர் அத்தியாயம் என்பதே அப்போது புதிது. அதன் போக்கு இது. பணம் ஓர் உலக சக்தியின் வெளி அடையாளம், அது இறைவனுக்கு உரியது, இப்போது தவறான சக்திகளின் பிடியில் இருக்கிறது. அதைக் கண்டு துறவி அஞ்சி ஒதுங்கினால் அந்தப் பிடி இன்னும் இறுகும். ஆசைப்பட்டு விழுந்தாலும் அதே கதிதான். எனவே அதை மீட்டு உரியவரிடம் சேர்க்க வேண்டும். இன்று பணம் வைத்திருப்பவர்கள் உடைமையாளர்கள் அல்ல, பொறுப்பாளர்கள். நாளை அது வேறு கைக்குப் போகலாம். இதுவரையுள்ள பகுதியைப் பலரும் மேற்கோளாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின் வரும் கண்டிப்பு. அந்தப் பணத்தைக் கையாளுபவர் தன்னலமில்லாமல் இருந்தால் மட்டும் போதாது. துல்லியமாகவும் சிறு விவரம்வரை கவனமாகவும் இருக்க வேண்டும் என்கிறார் அரவிந்தர். பற்றின்மையோடு துல்லியத்தைச் சேர்த்துவைத்த இடத்தில் பட்டினத்தாருக்கும் சேந்தனாருக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை அவர் தாண்டப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி இந்த மனப்பான்மையின் கட்டட வடிவம். ஹைதராபாத் நிஜாம் அரசின் திவான் அக்பர் ஹைதரி வழியாக வந்த நிதியில், அன்டோனின் ரேமண்டின் வரைபடத்தில் 1930-களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டு பொறுமையாகக் கட்டப்பட்ட காங்கிரீட் கட்டடம் அது. அதன் அசையும் பலகைச் சன்னல் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, யோகத்தில் சிறு விவரம் என்று அரவிந்தர் எதைச் சொன்னார் என்பது புரியும்.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும், எழவும் வேண்டும். செல்வர் பொறுப்பாளர் மட்டுமே என்பது செல்வருக்கு மிக வசதியான கொள்கை. சொத்தும் கையில் இருக்கும், மனசாட்சியும் தூங்கும். காந்தியின் தர்மகர்த்தா முறைக்கு எதிராக இடதுசாரிகள் வாழ்நாள் முழுக்கச் சொன்னது இதைத்தான். ஆட்சேபம் சரி, ஆனால் காந்தியிடம் அதற்குப் பாதிப் பதில் இருந்தது. 1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸை நடத்தியபோது ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு வைத்ததைச் சத்திய சோதனையில் சொல்லும் அவர், சரியான கணக்கு இல்லாமல் சத்தியத்தைச் சுத்தமாகக் காக்க முடியாது என்ற அளவுக்குப் போகிறார். தர்மகர்த்தா என்ற கருத்தே கீதையோடு இங்கிலாந்தில் படித்த சட்டமும் சேர்ந்து தெளிவானது என்பதும் அவர் வாக்குமூலம். சட்டத்தில் பொறுப்பாளர் என்றால் பயனாளி என்று ஒருவர் எதிரில் இருக்கிறார். அவர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆன்மிகத்துக்கு அந்தச் சொல் வந்தபோது எதிரில் இருந்தவர் மறைந்துபோனார். பயனாளி இடத்தில் கடவுள் வந்தார். கடவுள் தணிக்கைக்கு வருவதில்லை. (காந்தி 1934 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு வந்தார். அரவிந்தரைச் சந்திக்க முடியவில்லை. இந்த ஒரு விஷயத்திலாவது இருவரும் பேசியிருந்தால் நமக்கு நல்ல வாசிப்பு கிடைத்திருக்கும்.)

எதிரில் நின்று கணக்குக் கேட்கும் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. 1968 பிப்ரவரி 28-ல் புதுச்சேரிக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் ஆரோவில் தொடங்கப்பட்டது. பணம் தலைவனாக இல்லாத ஓர் இடம் என்பது அரவிந்தரின் ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை 1954-லேயே எழுதிய கனவு. உள்ளுக்குள் ரொக்கம் புழங்கக்கூடாது என்பது குறிக்கோள். இன்றும் அங்கே ஒவ்வொருவருக்கும் கணக்கு எண் இருக்கிறது, செலவு அதில் எழுதப்படுகிறது. ரொக்கத்தை ஒழிக்கலாம், கணக்கை ஒழிக்க முடியாது என்பதை அவர்கள் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டார்கள். 1973 நவம்பரில் அன்னை மறைந்தார். நிதியும் நிலமும் ஆரோவிலைத் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டியின் பெயரில் இருந்தன. அவற்றின் நிர்வாகத்தைப் பற்றிக் குடியிருப்பாளர்களுக்கும் சொசைட்டிக்கும் இடையே தகராறு வளர்ந்தது, முறைகேடு நடந்ததாகப் புகார்கள் எழுந்தன, மத்திய அரசு ஒரு குழுவை வைத்து விசாரித்தது. 1980-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி நிர்வாகத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. இரு தரப்பும் ஒரே குருவின் சீடர்கள். இரு தரப்பும் அதே நான்காம் பகுதியைப் படித்தவர்கள். பணம் இறைவனுடையது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. யாரிடம் கணக்குக் காட்டுவது என்பதில்தான் வேறுபாடு.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எஸ்.பி. மிட்டல் எதிர் இந்திய ஒன்றியம், 1982 நவம்பர், ஐந்து நீதிபதிகள். இது மத நிறுவனம், இதில் அரசு கை வைப்பது அரசியல் சட்டத்தின் 25, 26-ஆம் பிரிவுகளுக்கு விரோதம் என்பது மனுதாரர் வாதம். எனவே நீதிபதிகள் ஒரு விசித்திரமான கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: அரவிந்தரின் போதனை மதமா? பெரும்பான்மை இல்லை என்றது. ஆசிரமம் மதச் சங்கம் அல்ல என்று அரவிந்தரே எழுதியிருந்தது, எல்லா மதத்தாரும் சேரலாம் என்ற விதி, வரிவிலக்குக் கேட்டபோது மதம் என்று சொல்லாமல் ஆராய்ச்சி நிறுவனம் என்று சொன்னது எல்லாம் எடுத்துக்காட்டப்பட்டன. நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் வேறுபட்டார். மதம் என்பதை அகலமாகப் பார்த்தால் இதுவும் அதற்குள் வரும் என்பது அவர் பார்வை. ஆனால் எந்த வரையறையை எடுத்தாலும் அந்தச் சட்டம் செல்லும் என்பதில் ஐவரும் ஒன்று. தத்துவ மாணவர்கள் இந்தத் தீர்ப்பை மதத்தின் வரையறைக்காகப் படிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதன் உண்மையான விஷயம் அந்த ஒருமித்த பகுதிதான்: மதமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், நம்பி ஒப்படைக்கப்பட்ட சொத்துக்குக் கணக்குக் கேட்கலாம். நம்பிக்கையின் உள்ளடக்கத்தை நீதிமன்றம் தொடவில்லை. சாவியை வைத்திருப்பவரைத்தான் அது கேட்டது.

அரசு உள்ளே வந்தால் சமயம் அரசின் துறையாகிவிடாதா என்ற கேள்விக்கு இடமிருக்கிறது. அரசும் தன் கணக்கைக் காட்ட வேண்டிய ஒரு பொறுப்பாளர்தான், பல சமயம் மோசமான பொறுப்பாளர். ஆனால் கணக்குக் கேட்பது என்றாலே அரசு என்று ஆனது பின்னால்தான். அதற்கு முன் இந்த மண்ணில் வேறு வழி இருந்தது, அது கோயில் சுவரில் இருக்கிறது. ஒருவர் அணையா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுத்தால், ஆடுகளை யார் பெற்றுக்கொண்டார், நாளொன்றுக்கு எவ்வளவு நெய் அளக்க வேண்டும், எந்த அளவையில் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டன. புதுச்சேரியை அடுத்த திருபுவனையில் முதலாம் இராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்லூரிக்கான ஏற்பாட்டைப் பதிவுசெய்கிறது. பாகூரில் அதைவிட ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு முந்திய நிருபதுங்கவர்மனின் செப்பேடு, அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. இவற்றைப் புகழுக்காக எழுதியவை என்பார்கள். புகழும்தான். ஆனால் புகழ் பாட ஒரு மெய்க்கீர்த்தி போதும். நெய்யின் அளவும் பொறுப்பேற்ற இடையரின் பெயரும் புகழுக்கு வேண்டியதில்லை. அவை நாளை விளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்பதற்காக. படிக்கத் தெரியாதவருக்கும் படித்துச் சொல்ல ஆள் இருந்த காலத்தில், தெய்வத்தின் கணக்கு சன்னிதிக்குப் போகும் வழியிலேயே கிடந்தது. எல்லோரும் கேட்கக்கூடிய நிலையில் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சுவர்வரை போகவே அனுமதியில்லாதவர்கள் இருந்தார்கள். அந்தக் குறை என் வாதத்தையும் தொடுகிறது, அதற்கு வருகிறேன்.

இன்னொரு ஆட்சேபம் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது பிரெஞ்சுத் தேவாலயங்கள் நிறைந்த புதுச்சேரிக்கு நன்றாகத் தெரிந்த போதனை. தமிழ் மரபிலும் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது இழிவு. எல்லாவற்றையும் திறந்து வைத்தால் தர்மம் விளம்பரமாகிவிடாதா? ஆகும். அதனால்தான் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தன் பணத்தைக் கொடுப்பவர் மறைவாகக் கொடுப்பது நல்லது. அடுத்தவர் பணத்தை வைத்திருப்பவர் மறைவாக வைத்திருப்பது நல்லதல்ல. இந்த இரண்டையும் குழப்பியதால்தான் நம் ஊரில் நன்கொடை கொடுத்தவர் பெயர் மின்விசிறி இறக்கைவரை எழுதப்பட்டிருக்கிறது, நன்கொடை எங்கே போனது என்பது எங்கும் எழுதப்படவில்லை. எந்தப் பணம் தன் பணம், எந்தப் பணம் அடுத்தவர் பணம் என்று கேட்டால், அரவிந்தர் கணக்கில் எதுவுமே தன் பணம் அல்ல. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் குடும்பத்துக்குள்கூட ஒருவர் சம்பாதித்து மற்றவர் செலவுக்குக் கை நீட்டும் வீடுகளில், சம்பாதிப்பவர் வைத்திருப்பது முழுக்க அவருடையதல்ல என்பதை ஒப்புக்கொள்ள யோக நூல் வேண்டியதில்லை.

கடைசியாக, மிகப் பெரிய ஆட்சேபம்: கஞ்சனும் கணக்கு வைப்பான், அடிமை வியாபாரியும் வைப்பான். கணக்கின் துல்லியம் அறத்துக்குச் சான்றாகுமா? ஆகாது. 1743-ல் ஏழைகளை ஏமாற்றிக் கூட்டிவந்து அடைத்துவைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றப் பார்த்த ஒரு விவகாரம் புதுச்சேரியில் வெளிப்பட்டது. ஆனந்தரங்கர் அதை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆள் பிடித்த விதம் அவருக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் மனிதரை விற்பதும் வாங்குவதும் அந்தத் துறைமுகத்தில் முறையான வியாபாரமாக நடந்ததும், அதன் லாபம் கம்பெனியின் பேரேடுகளில் ஒழுங்காக ஏறியதும் அவரைத் தூங்கவிடாமல் செய்ததாகத் தெரியவில்லை. பிரெஞ்சுப் பேரேடுகளில் அந்த மனிதர்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். கூட்டல் பிழை இருக்காது. பிழை வேறு இடத்தில் இருக்கிறது: யாரைப் பற்றிய கணக்கோ அவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை கிடையாது. கம்பெனி பாரீஸிலிருந்த பங்குதாரருக்குக் கணக்குக் காட்டியது, அதுவும் ஒழுங்காக அல்ல. கப்பலின் அடித்தட்டில் இருந்தவருக்குக் காட்டவில்லை. ஆகவே கணக்கு இருக்கிறதா என்பதோடு, யார் கேட்டால் அது திறக்கும் என்பதையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கோயில் சுவரின் குறையும் இதுதான். ஆரோவில் சட்டத்துக்கும் இதே கேள்வியைப் போடலாம்: குடியிருப்பாளரும் சொசைட்டியும் அரசும் பேசிய அந்த வழக்கில், நிலத்தை விற்றுவிட்டு அதே நிலத்தில் கூலி வேலைக்கு வந்த சுற்றுக் கிராமத்தார் தரப்பாக இல்லை. பற்றின்மை இந்தக் குறையைக் கண்டுபிடிக்காது. பற்றின்மை உள்ளே பார்க்கிறது. விடுபட்டவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

ஆனந்தரங்கரின் குறிப்பேடுகள் அவர் குடும்பத்தார் வசமே கிடந்தன. 1846-ல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். சென்னை அரசு 1904-லிருந்து 1928-க்குள் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சில் வர அதற்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. படிக்க நினைப்பவர்கள் வழக்கமாகத் துய்ப்ளேயின் போர்களிலிருந்தும் நவாபுகளின் சண்டையிலிருந்தும் தொடங்குகிறார்கள். பணத்தோடு எப்படி வாழ்வது என்ற கேள்விக்காகப் படிப்பவர் முதல் தொகுதியில் 1743-ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டில் துணிக் கட்டுகள் தரம் பார்க்கப்படுகின்றன, நல்ல நேரம் பார்த்துக் காரியம் தொடங்கப்படுகிறது, அடைத்துவைக்கப்பட்டவர்கள் சிலர் வெளியே வந்து நடந்ததைச் சொல்கிறார்கள். சொன்னதை அவர் எழுதிக்கொள்கிறார். அந்தப் பக்கங்களில் மட்டும், கணக்குக்குள் இருந்தவர்கள் வாய் திறக்கிறார்கள்.